கொப்பியைப் பூட்டி வைத்த அம்மாவுக்கு

கேள்வி: என் மகளுக்கு 26 வயது. பிறவியிலேயே இதய வால்வில் குறை. 12 வயதில் இந்தியாவுக்குக் கொண்டுபோய் ரொஸ் ஒப்பரேசன் செய்தோம். இப்போது சுகமாக வேலைக்குப் போகிறாள். கலியாணம் பேசுகிறோம்; மாப்பிள்ளை வீட்டாருக்கு இது தெரியாது. யாராவது கண்டுவிடுவார்கள் என்று இரண்டு வருடமாகக் கிளினிக்குக்கு அனுப்பவில்லை, கிளினிக் கொப்பியையும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சொந்த உடம்பின் உயிருள்ள வால்வு என்றால் ஆயுளுக்கும் தாங்கும்தானே?
- வெள்ளவத்தை வாசகி

பதில்: தங்கச்சி, வால்வு தாங்குமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய இடம் கிளினிக் ஒன்றுதான். அந்தக் கதவை அடைத்துவிட்டு என்னிடம் வந்து கேட்கிறீர்கள். "தாங்கும்" என்று ஒரு சொல் எழுதித் தந்தால் நிம்மதியாகத் தாலி கட்டிக் கொடுக்கலாம் என்று பார்க்கிறீர்கள். தரமாட்டேன்.

டொனால்ட் ரொஸ் 1967இல் லண்டனில் தொடங்கிய முறை இது. இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான பெருநாடியின் கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு, நுரையீரலுக்குப் போகும் குழாயில் இருக்கும் பிள்ளையின் சொந்த வால்வை அந்த இடத்தில் வைப்பார்கள். உயிருள்ள திசு என்பதால் பிள்ளையோடு சேர்ந்து வளரும். உலோக வால்வு வைத்தவர்களைப்போல வாழ்நாள் முழுக்க இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து குடிக்கத் தேவையில்லை. அனுபவமுள்ள இடங்களில் இதைச் செய்துகொண்ட பெரியவர்கள் தங்கள் வயதுச் சனத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான ஆயுளோடு வாழ்வதாகவும் நீண்டகால ஆய்வுகள் சொல்கின்றன. இவ்வளவும் உங்கள் காதில் விழுந்திருக்கிறது.

மிச்சத்தையும் கேளுங்கள். சொந்த வால்வை எடுத்த இடத்தில் வழக்கமாக வைப்பது, இறந்த ஒருவரிடமிருந்து தானமாகக் கிடைத்த வால்வு. அது வளராது. காலம் போகப்போகச் சுண்ணாம்பு படிந்து இறுகும். சின்ன வயதில் வைத்தவர்களில் பலருக்கு அதை ஒருநாள் மாற்றவேண்டி வரும். (பயப்படாதீர்கள், இப்போது பலருக்கு நெஞ்சைத் திறக்காமல் தொடை நாளம் வழியாகவே மாற்றுகிறார்கள்.) இடம் மாறிய சொந்த வால்வுக்கும் அழுத்தம் கூடிய பக்கத்தில்தான் வேலை. வருடங்கள் போக, பெருநாடியின் அடிப்பகுதி விரிந்து வால்வு ஒழுகத் தொடங்கலாம். இரண்டுமே நெடுங்காலம் நோவில்லாமல், மூச்சு வாங்காமல் நடக்கக்கூடியவை. ஆகவே "சுகமாக வேலைக்குப் போகிறாள்" என்பது எதற்கும் அத்தாட்சி இல்லை. எக்கோ என்ற இதய ஸ்கேன் செய்து, கொப்பியில் இருக்கும் பழைய அளவுகளோடு ஒப்பிட்டால்தான் தெரியும். நீங்கள் பூட்டி வைத்திருப்பது அந்த அளவுகளை.

சரி, கலியாணமும் முடிந்துவிட்டது என்று வையுங்கள். பிள்ளை உண்டாகும்போது உடம்பில் இரத்தத்தின் அளவு பாதியளவுக்குக் கூடும். அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டியது இதே இதயம்தான். ரொஸ் செய்த பெண்கள் பலர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள், ஆனால் முன்கூட்டியே வால்வையும் பெருநாடியின் அகலத்தையும் பார்த்துவிட்டு. உங்கள் மகள் மாமியார் வீட்டில் இருந்துகொண்டு எந்தச் சாட்டுச் சொல்லிக் கிளினிக்குக்குப் போவாள்? பல்லுப் பிடுங்குவதற்கு முன் கிருமி இதயத்தில் போய்த் தங்காமல் மருந்து எடுக்கவேண்டுமே, அதையும் ஒளித்தா எடுப்பாள்? நெஞ்சின் நடுவில் இருக்கும் தழும்பைக் கட்டின புருசனிடம் என்னவென்று சொல்வாள்? நீங்கள் தொடங்கிய பொய்யைக் காலம் முழுக்கச் சுமக்கப்போகிறவள் அவள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. 26 வயதுப் பெண், உழைக்கிறாள், ஆனால் தன் இதயத்தைப் பற்றிய கொப்பி அவள் கையில் இல்லை. தாய் என்றால் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும், அதில் எனக்கும் உங்களுக்கும் பேதமில்லை. கிளினிக் வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் காப்பாற்றுவது. சொந்தக்காரர் கண்டால் காணட்டும். அவர்கள் கண்ணுக்குப் பயந்து ஒரு பிள்ளையின் வைத்தியத்தை நிறுத்தியதை நான் மன்னிக்கமாட்டேன்.

இந்தக் கிழமையே கொப்பியை அவளிடம் கொடுங்கள். எக்கோ எடுத்தபின், தான வால்வு எப்படி இருக்கிறது, பெருநாடி விரிந்திருக்கிறதா, பிள்ளைப்பேற்றுக்கு என்ன ஆயத்தம் வேண்டும் என்று டொக்டரிடம் அவளே கேட்கட்டும். அதுவரை நாள் பார்க்கவேண்டாம் என்று தரகரிடம் சொல்லுங்கள். அப்புறம் அந்தப் பையனைக் கூப்பிட்டு, மகளை அவனோடு தனியாகப் பேசவிடுங்கள்.