மூடிய ஃபார்மிலிருந்து அறிவிப்பு வருவது ஏன்?

கேள்வி: சி ஷார்ப்பில் விண்டோஸ் ஃபார்ம்ஸ் மென்பொருள் எழுதுகிறேன். ஆர்டர் விவர ஃபார்மை ஐந்து முறை திறந்து மூடினால், அடுத்த ஆர்டர் வரும்போது ஒரே செய்தி ஐந்து முறை எழும்புகிறது. மெமரியும் ஏறிக்கொண்டே போகிறது. பயன்படாத மெமரியை விடுவிக்கச் சொல்லும் ஜிசி.கலெக்ட் போட்டும் பயனில்லை. மெமரி கிளீனர் ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். இப்படி விற்கப்படும் கருவிகள் பெரும்பாலும் உங்கள் புரோகிராமின் மெமரிப் பக்கங்களை ரேமிலிருந்து வெளியே தள்ளும்படி விண்டோஸிடம் கேட்கும், அவ்வளவுதான். டாஸ்க் மேனேஜரில் எண் சரியும், விற்றவர் அதைக் காட்டிப் பணம் வாங்கிக்கொள்வார். புரோகிராம் உருவாக்கிய பொருள்களில் (ஆப்ஜெக்ட்) ஒன்றுகூட அழிந்திருக்காது.

ஐந்து செய்தி வருவதிலேயே காரணம் தெரிகிறது. ஃபார்ம் திறக்கும்போதெல்லாம் ஆர்டர் சர்வீஸின் ஈவென்ட்டில் (ஆர்டர் வந்ததும் எழும் அறிவிப்பில்) += போட்டு ஹேண்ட்லரை, அதாவது அப்போது ஓட வேண்டிய மெத்தடை, சேர்க்கிறீர்கள்; மூடும்போது கழற்றுவதில்லை. சர்வீஸோ புரோகிராம் முடியும்வரை உயிரோடு இருக்கிறது. அதன் பட்டியலில் உள்ள ஹேண்ட்லர் உங்கள் ஃபார்மைப் பிடித்திருக்கிறது. பிடிமானம் உள்ள பொருளை, பயனற்றவற்றை அகற்றும் கார்பேஜ் கலெக்டர் (ஜிசி) தொடாது, எத்தனை முறை கூப்பிட்டாலும். ஃபார்மை டிஸ்போஸ் செய்தாலும் (அதன் விண்டோஸ் வளங்களை விடுவித்தாலும்) பட்டியலிலிருந்து ஹேண்ட்லர் தானாக நீங்காது.

ஃபார்ம் மூடியதும் எழும் ஃபார்ம்குளோஸ்டு ஈவென்ட்டில், ஹேண்ட்லரைக் கழற்ற -= போடுங்கள். ஆனால் ஹேண்ட்லரை லாம்ப்டாவாக (பெயரில்லாமல் அந்த இடத்திலேயே) எழுதியிருந்தால் கவனம். அதே வரியை -= பக்கத்திலும் எழுதினால் கழன்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அவை வேறு வேறு டெலிகேட்டுகள் (மெத்தடைச் சுட்டும் பொருள்கள்). -= எதையும் கழற்றாது, பிழையும் காட்டாது. கம்பைலரும் வாய் திறக்காது. 2007-ல் வந்த வசதிக்கு இன்றுவரை ஓர் எச்சரிக்கை வைக்க முடியாதா? எத்தனை பேருடைய இரவுகள் இதில் போயின! பெயருள்ள மெத்தடாக எழுதிவிடுங்கள்.

அப்படியானால் எல்லா ஈவென்ட்டையும் கழற்ற வேண்டுமா? வேண்டாம். ஃபார்முக்குள்ளேயே இருக்கும் பட்டனின் கிளிக்கை விட்டுவிடலாம். பட்டன் ஃபார்மைப் பிடித்திருக்கிறது, ஃபார்ம் பட்டனைப் பிடித்திருக்கிறது. வெளியிலிருந்து இரண்டையும் யாரும் பிடிக்காதபோது இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்றையொன்று பிடித்திருப்பது டாட்நெட்டுக்குச் சிக்கலே இல்லை. ஈவென்ட்டை எழுப்புபவர் கேட்பவரைவிட அதிக காலம் வாழ்கிறாரா என்பதை மட்டும் பாருங்கள். விண்டோஸ் மாற்றங்களை அறிவிக்கும் சிஸ்டம்ஈவென்ட்ஸ் போன்ற ஸ்டாட்டிக் (தனிப் பொருள் எதையும் சாராத) ஈவென்ட்டுகள் புரோகிராமோடுதான் சாகும். அவற்றைக் கழற்றியே ஆக வேண்டும்.

இன்னொன்று: ஷோடயலாக்கில் (மூடும்வரை மற்ற விண்டோக்களைத் தொடவிடாத முறையில்) திறந்த ஃபார்ம் மூடியதும் தானாக டிஸ்போஸ் ஆகாது, முடிந்ததும் டிஸ்போஸ் செய்துவிடும் யூஸிங்குக்குள் வையுங்கள்.

திருத்திய பின் விஷுவல் ஸ்டுடியோவின் மெமரி யூசேஜ் கருவியைத் திறங்கள், அது உங்களிடமே இருக்கிறது. ஃபார்மை ஐந்து முறை திறந்து மூடுவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட் (மெமரியின் அந்நேரப் பதிவு) எடுத்து, உங்கள் ஃபார்மின் பெயரைத் தேடுங்கள். ஐந்தும் அங்கேயே நின்றால், ரூட் வரை, அதாவது பிடிமானம் தொடங்கும் இடம் வரை, செல்லும் பாதையைப் பாருங்கள். பிடித்திருப்பது யார் என்று அதில் தெரியும்.