எடை நிலையத்துக் கிராணிக்கு எவ்வளவு அதிகாரம் தரலாம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைப் பழக்குலை வாங்கி ஆலைக்கு அனுப்பும் குடும்ப நிறுவனம் ஒன்றின் அலுவலகப் பொறுப்பாளர் கேட்கிறார்:

“லோரி எடை போட்டதும் அதன் விவரத்தை ஷேர்பாயிண்ட் (இணையத்தில் பகிர்ந்து பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) பட்டியலில் பதிந்து ஒரு பொத்தானை அழுத்தினால், தொகை கணக்கிடப்பட்டுக் கட்டணச் சீட்டு மின்னஞ்சலில் போய்விடும். வேலைப் படிகளைத் தானாகச் செய்யவைக்கும் பவர் ஆட்டோமேட் மென்பொருளில் இந்தப் பணியோட்டத்தை அமைத்துக் கொடுத்த தம்பி இப்போது எங்களிடம் வேலையில் இல்லை. எடை நிலையத்துக் கிராணிகள் மூவரும் இயக்க வேண்டும் என்பதால் மூவரையும் அதில் கோ-ஓனராக (இணை உரிமையாளராக)ச் சேர்த்திருந்தோம். சென்ற மாதம் ஒருவர் அன்றைய விலையை மாற்றப் போய் தொகையைக் கணக்கிடும் வாய்ப்பாட்டையும் தெரியாமல் மாற்றிவிட்டார். மாலை வரை தவறான தொகையுடன் சீட்டுகள் போயின. இயக்க மட்டும் விட்டு, மாற்றவிடாமல் தடுக்க முடியுமா? சம்பளக் கணக்குக்கும் இதேபோல் ஒன்று வைத்திருக்கிறோம்.”

தடுக்க முடியும். பணியோட்டத்தின் விவரப் பக்கத்தில் ‘ரன் ஒன்லி யூசர்ஸ்’ (இயக்க மட்டும் உரிமை உள்ளவர்கள்) என்றொரு பகுதி இருக்கிறது. மூவரையும் கோ-ஓனர் பட்டியலிலிருந்து நீக்கி இந்தப் பகுதியில் சேர்த்துவிட்டால், அவர்களால் பொத்தானை அழுத்த முடியும். உள்ளே இருக்கும் படிகளைப் பார்க்கவோ திருத்தவோ முடியாது. கோ-ஓனர் என்பது மிகப் பெரிய அதிகாரம் என்பதைப் பலரும் அறியாமலே கொடுத்துவிடுகிறார்கள். கோ-ஓனரால் பணியோட்டத்தைத் திருத்தலாம், நிறுத்தலாம், அடியோடு அழிக்கலாம், வேறு யாரையும் கோ-ஓனராகச் சேர்க்கலாம், இதுவரை இயங்கியவற்றின் விவரம் முழுவதையும் திறந்து பார்க்கலாம். கதவைத் திறந்துவிடும் வேலைக்கு வீட்டுப் பத்திரத்தையே கையில் கொடுத்தது போன்றது அது.

ஆனால் இந்த மாற்றத்தை மட்டும் இன்று செய்தால், நாளைக் காலையே நீங்கள் அவர்களை மறுபடி கோ-ஓனராக்க வேண்டியிருக்கும். விலை நாள்தோறும் மாறுகிறது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அந்த விலை பணியோட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை மாற்ற உள்ளே போகத்தான் வேண்டும் என்பதால்தான் கிராணிக்கு அந்த அதிகாரம் தேவைப்பட்டது. அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நான் நினைக்கவில்லை. தினமும் மாறும் ஓர் எண், மாறவே கூடாத வாய்ப்பாட்டின் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்ததுதான் தவறு.

ஆகவே முதலில் விலையை வெளியே எடுங்கள். பழக்குலையின் விலை, ஒரு விழுக்காட்டு எண்ணெய் பிழிதிறனுக்கு (பழக்குலை எடையில் எத்தனை விழுக்காடு எண்ணெய் கிடைக்கிறது என்ற அளவு) இத்தனை ரிங்கிட் என்று சொல்லப்பட்டு, பிழிதிறன் விழுக்காட்டால் பெருக்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். எடுத்துக்காட்டாக, ஒரு விழுக்காட்டுக்கு 45 ரிங்கிட், பிழிதிறன் 19 விழுக்காடு என்றால் டன்னுக்கு 855 ரிங்கிட். இந்த இரண்டு எண்களுக்கும் தேதிக்கும் மட்டும் தனியாக ஒரு ஷேர்பாயிண்ட் பட்டியல் அமைத்து, அதில் எழுதும் உரிமையை உங்களுக்கும் முதலாளிக்கும் மட்டும் வையுங்கள். பணியோட்டம் அன்றைய தேதிக்குரிய வரியை அங்கிருந்து படித்துக்கொள்ளட்டும். அன்றைய வரி இன்னும் பதியப்படவில்லை என்றால் சீட்டு அனுப்பாமல் நின்று, உங்களுக்குச் செய்தி அனுப்பட்டும். நேற்றைய விலையை எடுத்துக்கொண்டு தானாகத் தொடரும்படி ஒருபோதும் அமைக்காதீர்கள்.

அடுத்ததாக, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது; என் பார்வையில் இந்த விஷயத்தில் மிக முக்கியமானது அதுதான். ஒருவரை இயக்குபவராகச் சேர்க்கும்போது, பட்டியல், மின்னஞ்சல் போன்றவற்றோடு பணியோட்டம் வைத்திருக்கும் ஒவ்வோர் இணைப்புக்கும், அது இயக்குபவரின் கணக்கில் நடக்க வேண்டுமா அல்லது உரிமையாளரின் கணக்கில் நடக்க வேண்டுமா என்று மென்பொருள் கேட்கும். இயக்குபவரின் கணக்கு என்றால், கணக்கிட்ட தொகைகள் பதியப்படும் கட்டணப் பட்டியலில் எழுதும் உரிமையை ஒவ்வொரு கிராணிக்கும் தனித்தனியாகத் தந்தாக வேண்டும். அப்படித் தந்துவிட்டால் அவர் பொத்தானைத் தொடாமலே பட்டியலைத் திறந்து தொகையை மாற்றிவிடலாம். உரிமையாளரின் கணக்கு என்றால் கிராணிக்கு அந்தப் பட்டியலில் எந்த உரிமையும் வேண்டாம். பணியோட்டம் அவருக்காக அங்கே எழுதும். உங்கள் வேலைக்கு இரண்டாவது வழியே பொருத்தம்.

அந்த வழியிலும் ஒரு குறை உண்டு. உரிமையாளரின் கணக்கு வழியாக எழுதப்படும் ஒவ்வொரு வரியிலும் ‘உருவாக்கியவர்’ என்ற இடத்தில் உரிமையாளரின் பெயரே விழும். மூன்று கிராணிகளில் யார் அழுத்தியது என்பது பட்டியலில் தெரியாமல் போய்விடும். பணியோட்டத்தின் இயக்க வரலாறும் சுமார் நான்கு வாரங்களுக்குத்தான் இருக்கும். வருமான வரிக்காக நாம் கணக்கு ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டியவர்கள். எனவே பொத்தானை அழுத்தியவரின் மின்னஞ்சல் முகவரியை, தொடக்கப் படியிலிருந்தே எடுத்து, கட்டணப் பட்டியலில் ‘இயக்கியவர்’ என்ற தனிப் பத்தியில் எழுதச் செய்யுங்கள். கால் மணி நேர வேலைதான். ஆறு மாதம் கழித்து ஒரு சிறுதோட்டக்காரர் சீட்டை நீட்டி “இது சரியா?” என்று கேட்கும் நாளில், யாரையும் சந்தேகிக்காமல் விடை சொல்ல உதவும்.

இந்தப் பத்தி பயன்பட வேண்டுமானால் மூவருக்கும் மூன்று கணக்குகள் இருக்க வேண்டும். எடை நிலையத்துக் கணினியில் காலையில் ஒருவர் உள்நுழைந்து, மாலைவரை அதே கணக்கில் மூவரும் வேலை செய்வது நம் ஊர்களில் சாதாரணம். அந்தப் பழக்கம் இருக்கும்வரை மேலே சொன்ன எதுவும் நிற்காது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. பெரட்டில் (காலையில் ஆட்கள் கூடுமிடத்தில்) ஆள் எண்ணுவது மண்டோர் (மேற்பார்வையாளர்), செக்ரோலில் (வருகை, சம்பளப் பதிவேட்டில்) எழுதுவது கிராணி, கையெழுத்திட்டுப் பணம் விடுவிப்பது மானேஜர். எழுதிய கையே பணத்தையும் விடுவிக்கக் கூடாது என்பதற்காகவே அந்த மூன்று பேர். உங்கள் பணியோட்டத்திலும், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட சீட்டு எதுவும் முதலாளியின் ஒப்புதலுக்குப் போய் வரும்படி ஒரு படி சேர்க்கலாம். அவர் ஈப்போவில் இருந்தாலும் கைப்பேசியிலேயே ஒப்புதல் தரலாம். ஒப்புதல் தருபவரும் பொத்தானை அழுத்தியவரும் ஒரே ஆளாக இருந்தால் பணியோட்டம் நின்றுவிட வேண்டும் என்ற நிபந்தனையையும் அங்கேயே வையுங்கள். எல்லாச் சீட்டுகளுக்கும் ஒப்புதல் கேட்காதீர்கள். நாளுக்கு நாற்பது முறை கேட்டால் யாரும் படிக்காமல் அழுத்திவிடுவார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பின்னாளில் பொத்தானே வேண்டாம், பட்டியலில் வரி சேர்ந்ததும் தானாக இயங்கட்டும் என்று மாற்ற நினைத்தால், அத்தகைய பணியோட்டத்துக்கு ‘ரன் ஒன்லி’ பகுதியே கிடையாது. பட்டியலில் எழுத முடிந்தவர் எல்லாரும் அதை இயக்குபவர்களே. அப்போது பூட்டைப் பணியோட்டத்தில் தேடாமல் பட்டியலின் உரிமைகளில் போட வேண்டும். பட்டியலையே கோ-ஓனராகச் சேர்க்கும் வசதியையும் தொடாதீர்கள். பட்டியலில் எழுதும் உரிமை உள்ள அத்தனை பேரும் பணியோட்டத்தைத் திருத்தும் உரிமையைப் பெற்றுவிடுவார்கள்.

சம்பளப் பணியோட்டம் வேறு வகை. அது குறித்த தேதியில் தானாக ஓடுவதாக இருந்தால் அதை யாரும் அழுத்தத் தேவையில்லை. எனவே அலுவலகத்தில் இருவருக்கு மேல் யாரும் அதில் இருக்கக் கூடாது. அங்கே எனக்குக் கவலை தருவது திருத்துவதைவிடப் பார்ப்பதுதான். இயக்க வரலாற்றைத் திறக்கும் கோ-ஓனர் ஒவ்வொரு படியிலும் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அப்படியே பார்க்கலாம்: பெயர், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, சம்பளம், பிடித்தம். இவை 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நீங்கள் காக்க வேண்டியவை. படிகளின் அமைப்புகளில் உள்ளீட்டையும் வெளியீட்டையும் மறைத்துவைக்கும் இரண்டு சாவிகள் உண்டு. சம்பள விவரம் கடந்து போகும் படிகள் எல்லாவற்றிலும் அவற்றைப் போட்டுவிடுங்கள்.

இப்போது வேலையை விட்டுப் போன தம்பிக்கு வருவோம். இரண்டு பணியோட்டங்களும் அவருடைய கணக்கின் இணைப்புகளில்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று நினைக்கிறேன். அவர் கணக்கை மூடாமல் வைத்திருந்தால், போனவரின் கை இன்னும் உங்கள் கட்டணப் பட்டியலில் இருக்கிறது. திடீரென்று மூடினால், இணைப்பு அறுந்து பணியோட்டம் தோல்வியடையத் தொடங்கும். 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் தர வேண்டிய நிலையில், ஐந்தாம் தேதி அது நின்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே நிறுவனத்தின் பெயரில் தனிக் கணக்கு ஒன்று திறந்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வைத்து, அதைப் பணியோட்டத்தில் கோ-ஓனராக்குங்கள். அதற்கும் உரிமக் கட்டணம் உண்டு. அந்தச் செலவைத் தயங்காமல் செய்யலாம். பிறகு அந்தக் கணக்கில் நுழைந்து பணியோட்டத்தைப் பிரதி எடுங்கள். பிரதிக்குப் புதுக் கணக்கே உரிமையாளராகும். இணைப்புகள் அனைத்தையும் அந்தக் கணக்கிலேயே அமையுங்கள். பிரதி முதலில் நிறுத்தப்பட்ட நிலையில்தான் இருக்கும், இயக்குபவர் பெயர்களும் அதனுடன் வராது. இரண்டையும் நீங்களே செய்ய வேண்டும். கிராணிகளை ஒவ்வொருவராகச் சேர்க்காமல், ‘எடை நிலையம்’ என்று ஒரு குழு அமைத்துக் குழுவையே சேர்த்தால், ஆள் மாறும்போது குழுவில் ஒரு பெயரை மாற்றினால் போதும்.

வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்: விலைப் பட்டியல் முதலில், புதுக் கணக்கில் பிரதி அடுத்து, இயக்குபவர் குழு அதன்பின், பழைய பணியோட்டத்தை நிறுத்துவதும் தம்பியின் கணக்கை மூடுவதும் கடைசியில். லோரி வராத ஒரு நாளில் இதைச் செய்து, கிராணி ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவருடைய கணக்கில் அவரையே நுழையச் சொல்லுங்கள். ஒரு சோதனைச் சீட்டை அவர் அனுப்பட்டும். பிறகு பணியோட்டத்தைத் திருத்தவும், விலைப் பட்டியலில் எழுதவும், கட்டணப் பட்டியலைத் திறக்கவும் முயன்று பார்க்கட்டும். மூன்றிலும் அவர் தடுக்கப்பட்டு, ‘இயக்கியவர்’ பத்தியில் அவர் முகவரி சரியாக விழுந்திருந்தால், மறுநாள் காலை முதல் லோரிக்குப் புதிய பணியோட்டத்தையே பயன்படுத்தலாம்.