வேகம் கூட்டினால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: வாங்கிய பதினோராவது மாதத்தில் என் கிராபிக்ஸ் கார்டின் விசிறி கரகரவென்று சத்தமிட்டு நின்றுவிட்டது. ஓவர்கிளாக் செய்ததை, அதாவது கார்டின் வேகத்தைக் கூட்டியதைச் சொன்னதும் கடைக்காரர் வாரண்டி கிடையாது என்கிறார். இது நியாயமா?

பதில்: நியாயமில்லை. எம்எஸ்ஐயின் ஆஃப்டர்பர்னர், ஆசுஸின் ஜிபியு ட்வீக் என்று தயாரிப்பாளர்களே வேகம் கூட்டும் மென்பொருளை இலவசமாகத் தந்துவிட்டு, கார்டின் பயாஸ் (கார்டிலேயே பதிந்துள்ள அடிப்படை மென்பொருள்) விதித்த மின் வரம்புக்குள் அதைப் பயன்படுத்தியவரைத் தண்டிப்பது முறையன்று. அதிலும் உங்களுக்குப் பழுதானது விசிறி; வெப்பம் கூடியதால் அது சற்று வேகமாகச் சுழன்றிருக்கலாம், ஆனால் அதற்காகத்தானே அதைப் பொருத்தியிருக்கிறார்கள்! பயாஸையே மாற்றி எழுதியிருந்தாலோ, மின்னழுத்தத்தை உயர்த்த போர்டில் சாலிடர் வைத்திருந்தாலோ என் பதில் வேறாக இருந்திருக்கும். வாரண்டி விதிகளை ஒருமுறை படித்துவிட்டு, மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்தில் நீங்கள் முறையிடலாம்.