விழா எடுத்து நிதி திரட்டலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆச்சிக்கு,

வணக்கம். நான் தேவகோட்டைக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். இப்போது சென்னையில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர் இளைஞர்கள் சேர்ந்து, ஊர் நலனுக்கு நிதி திரட்ட ஓர் இசை நிகழ்ச்சியும் பலகாரச் சந்தையும் நடத்த எண்ணியிருக்கிறோம். ஊருணியைத் தூர்வாருவது, அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டுவது, டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஏழைகளுக்கு உதவுவது என மூன்று யோசனைகள் உள்ளன. பெரியவர்கள் சிலரோ, தருமத்தை மேளம் கொட்டிச் செய்யக் கூடாது என்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியாவில் உள்ள உறவினர்கள் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். விழா நடத்துவது சரிதானா? மூன்றில் எதை எடுத்துக்கொள்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் ஊர்ப் பெரியவர்களின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால், கூடிக் கொண்டாடிப் பொதுக் காரியத்துக்குப் பணம் சேர்ப்பது நம் பக்கத்துக்குப் புதிதன்று என்பதை அவர்களிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாளை ஒட்டி வரும் பிள்ளையார் நோன்பில், இழை எடுத்து (மாவில் வைத்து ஏற்றிய நூல்திரியைச் சுடரோடு உண்ணும் சடங்கு) முடிந்ததும், செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரான நகரத்தார் கூடும் பல ஊர்களில் மங்கலப் பொருள்களை ஏலம் விடுகிறார்கள். தட்டில் ஒரு கைப்பிடி உப்பு இருக்கும். கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த உப்பை ஒருவர் ஆயிரத்துக்குக் கேட்பார், இன்னொருவர் அதற்கு மேல் கேட்பார், கூட்டம் சிரித்துக்கொண்டே ஏற்றிவிடும். பக்கத்தில் நோட்டோடு அமர்ந்திருப்பவர் பெயரையும் தொகையையும் எழுதிக்கொள்வார். அந்த விலை உப்புக்கு உரியதன்று என்பது அங்கிருக்கும் குழந்தைக்கும் தெரியும். ஆகவே விழா வேண்டுமா வேண்டாமா என்பதைக் காட்டிலும், அந்த நோட்டைப் போன்ற ஒரு கணக்கு உங்கள் விழாவில் இருக்குமா என்பதே முக்கியமான கேள்வி.

செட்டிநாட்டின் கொடை என்றதும் நாம் பெரிய மனிதர்களையே நினைக்கிறோம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். அதற்கென 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் அழகப்பச் செட்டியார் ஒருவரே கொடுத்தார். அத்தகைய கொடைக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். ஆயினும், அப்படி ஒருவர் வருவார் என்று காத்திருப்பதே சில ஊர்களில் வழக்கமாகிவிட்டதை வருத்தத்தோடு பார்க்கிறேன். குடும்பத்துக்கு இவ்வளவு என்று புள்ளிவரியும் தலைக்கட்டு வரியும் கொடுத்துக் கோயில் திருவிழாவைத் தாமே நடத்திக்கொள்ளும் ஊரால், பள்ளிக்கூடத்துக்கும் ஊருணிக்கும் அதே முறையில் சேர முடியும். ஐந்நூறு ரூபாய் கொடுத்தவர், மறுநாள் அந்த வழியாகப் போகும்போது வேலை நடக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். ஒரே பெரும்புள்ளி முழுத் தொகையும் கொடுத்தால் அந்த அக்கறை ஊருக்கு வருவதில்லை. விழா நடத்துவதை நான் ஆதரிப்பதற்கு இதுவே முதற்காரணம்.

இனி, மூன்றில் எது என்ற கேள்வி. விழாவில் வருவது ஒரே ஒருமுறை, மொத்தமாக வரும் பணம். அதை ஒருமுறை செய்து முடிக்கக்கூடிய வேலைக்குக் கொடுப்பதே பொருத்தம். டயாலிசிஸ் அப்படிப்பட்டதன்று. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஆண்டுக்கணக்கில் தொடரும் சிகிச்சை அது. அரசு மருத்துவமனையிலும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் சிகிச்சைக்கு வழி இருந்தாலும், போக்குவரத்துச் செலவும், நோயாளியோடு துணைக்குச் செல்பவர் இழக்கும் கூலியுமே குடும்பத்தை ஒடித்துவிடுகின்றன. ஒரு விழாப் பணத்தை நம்பி உதவியைத் தொடங்கி ஆறு மாதத்தில் கைவிரித்தால், அது உதவி செய்யாமல் இருந்ததைவிடக் கொடுமையானது. மாதம் இருநூறு ரூபாய் தர ஒப்புக்கொள்ளும் நூறு பேரைச் சேர்த்த பிறகு அதைத் தொடங்குங்கள். விழா மேடையை அந்த நூறு பேரைத் தேடுவதற்குப் பயன்படுத்தலாம். பள்ளிக் கழிப்பறையைப் பொறுத்தவரை, 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாக அரசுப் பள்ளிக்கு நேரடியாகவே கொடுக்கலாம். கட்டிய பிறகு தண்ணீருக்கும் துப்புரவுக்கும் யார் பொறுப்பு என்பதைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கட்டிப் பூட்டிப் போட்ட கழிப்பறையால் பெண்பிள்ளைகளுக்குப் பயனில்லை.

எனவே முதல் விழாவுக்கு ஊருணியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஆனால் தரையை ஆழமாக்குவது மட்டும் தூர்வாருதல் ஆகாது. மழைநீரைக் கொண்டுவந்து சேர்க்கும் வரத்துக்கால் அடைபட்டோ ஆக்கிரமிக்கப்பட்டோ இருந்தால், எவ்வளவு தோண்டினாலும் ஊருணி வறண்டே கிடக்கும். எனவே முதலில் வரத்துக்காலை அதன் தலைப்பு வரை நடந்து பாருங்கள். வட்டாட்சியர் அனுமதி இன்றிப் பொக்லைனை இறக்காதீர்கள். அள்ளும் மண் எங்கே போகிறது என்பதில்தான் ஊர்ச் சண்டைகள் பல தொடங்குகின்றன.

செலவு பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. நான் போயிருந்த ஒரு நிதி நிகழ்ச்சியில், மேடை, ஒலிபெருக்கி, ஃபிளெக்ஸ், பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் போக, எந்த நோக்கத்துக்காகக் கூடினார்களோ அதற்கு மிகச் சொற்பமே மிஞ்சியது. கொடுத்தவர்களுக்கு அது கடைசிவரை தெரியவில்லை. நீங்கள் விழாச் செலவை முழுக்க ஏற்கும் சிலரைத் தனியே பிடித்துவிட்டு, டிக்கெட்டிலும் சந்தையிலும் வரும் ஒவ்வொரு ரூபாயும் ஊருணிக்கே போகும் என்று நோட்டீஸிலேயே அச்சிடுங்கள். பலகாரத்துக்கு எங்களைப் போன்ற ஆச்சிமார் வீட்டு அரிசியையும் உளுந்தையும் கொண்டே சீப்புச் சீடையும் மனகோலமும் சுட்டுத் தருவோம். கேட்டால் மறுப்பவர் இருக்க மாட்டார்கள். பரிசுக் குலுக்கல் மட்டும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. நல்ல காரியம் என்பதற்காகச் சட்டம் விலகி நிற்காது.

வெளிநாட்டுப் பணத்தில் மிகுந்த கவனம் தேவை. இந்தியக் குடியுரிமையை விடாமல் அங்கே வேலை பார்க்கும் உறவினர் தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு. சிங்கப்பூர் அல்லது மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்புவது வேறு. பின்னது வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெற 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்பு வேண்டும். அதை யாருடைய சொந்தக் கணக்கிலும் ஜிபேயிலும் வாங்காதீர்கள். உள்ளூர் நன்கொடையாளர் வரிச்சலுகை கேட்பார்கள். நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை தரும் பதிவு (80ஜி என்று அறியப்பட்டது) உள்ள அறக்கட்டளைக்குக் கொடுத்தால்தான் அது கிடைக்கும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடைக்காது, புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு அறவே கிடையாது. இதை முன்பே சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

நாளைப் பொறுத்தவரை, பூட்டிக் கிடக்கும் வீடுகள் திறக்கும் காலம் தை. தைப் பொங்கலை அடுத்த செவ்வாயன்று வரும் செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டை வருகிறவர்கள் உங்கள் ஊரிலும் ஒருநாள் தங்குவார்கள். தையில் விழா நடத்தினால், பங்குனி, சித்திரையில் வேலையை முடித்து, ஐப்பசி மழைக்கு ஊருணியைத் தயாராக வைத்துவிடலாம். வரவு செலவை ரசீது எண்ணோடு எழுதி, கோயில் வாசலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஆடிக்குள் ஒட்டிவிடுங்கள். அதற்கெல்லாம் முன்பாக ஊராட்சித் தீர்மானத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டீஸ் அச்சடிப்பது அதன் பிறகு.

அன்புடன்,
ஆச்சி