மாலாக்(0): பூஜ்யம் பைட் கேட்டால் என்ன கிடைக்கும்?

கேள்வி (ஏற்காடு வாசகர்): காப்பித் தோட்டத்தில் ஆள்வாரியாகப் பழ எடையைப் பதிந்து கூலி கணக்கிடும் சி நிரல் எங்களுடையது. மழையால் பறிப்பு இல்லாத நாளில் பதிவு 0, எனவே மாலாக்கிடம் 0 பைட்தான் கேட்கும். லினக்ஸில் சிக்கல் இல்லை. சேலம் அலுவலகத்து ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மின் யூனிக்ஸ் இயங்குதளம்) சர்வரில் மட்டும் ‘மெமரி போதவில்லை’ என்று நின்றுவிடுகிறது. மெமரியோ தாராளமாக இருக்கிறது. ஏன்?

பதில்: மாலாக் (malloc) என்பது மெமரியில் இடம் ஒதுக்கி அதன் முகவரியை, அதாவது பாயிண்டரை, தரும் சி சார்பு. அதனிடம் 0 பைட் கேட்டால் எதையும் சுட்டாத நல் (NULL) பாயிண்டர் வரலாம், வேறொரு பாயிண்டரும் வரலாம். எதைத் தருவது என்பதைச் சி தரநிலை அந்தந்த நூலகத்துக்கே விட்டுவிட்டது. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி (glibc) சிறு துண்டு ஒன்றை ஒதுக்கி அதன் முகவரியைத் தருகிறது. ஏஐஎக்ஸ் வழக்கமாக நல் தரும். உங்கள் நிரல் நல் வந்தாலே மெமரி தீர்ந்தது என்று எடுத்துக்கொள்கிறது.

லினக்ஸில் கிடைக்கும் பாயிண்டரிலும் ஒரு பைட்கூட எழுதவோ படிக்கவோ கூடாது. ஆனால் அதை ஃப்ரீ செய்தே (free, ஒதுக்கிய இடத்தைத் திருப்பி ஒப்படைத்தே) ஆகவேண்டும். விட்டால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

எண்ணிக்கை 0 என்றால் மாலாக்கைக் கூப்பிடாமலே பாயிண்டரை நல் ஆக வைத்து, ‘இன்று பறிப்பு இல்லை’ என்று அச்சிட்டுவிடுங்கள். இதுதான் நேரான வழி. நல்லை ஃப்ரீ செய்வதால் கெடுதல் இல்லை என்பதால் கடைசியில் துப்புரவு செய்யும் வரிகளை மாற்ற வேண்டாம். மாலாக் நூறு இடங்களில் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே உறைச் சார்பு (மாலாக்கை உள்ளிருந்து கூப்பிடும் உங்கள் சொந்தச் சார்பு) வழியாக அனுப்பி, அளவு 0 ஆக வந்தால் 1 என்று மாற்றிக் கேளுங்கள். அதன்பின் நல்லுக்கு ‘மெமரி இல்லை’ என்ற ஒரே பொருள்தான். ஏஐஎக்ஸில் _லினக்ஸ்_சோர்ஸ்_காம்பாட் மேக்ரோவை வைத்துக் கம்பைல் செய்தாலும் நல் வராது. ஆனால் அது அந்த ஒரு இயந்திரத்துக்கான ஒட்டுதான்.

உறைச் சார்பில் ஒரு பொறி இருக்கிறது, இதை அவசியம் கவனியுங்கள். 32 பிட் கணினியில் 65,536 பதிவு, ஒவ்வொன்றும் 65,536 பைட் என்றால் பெருக்கல் நிரம்பி வழிந்து விடை 0 ஆகிவிடும். உறை அதை 1 ஆக்கும், மாலாக் 1 பைட் தரும், நிரல் அதில் கோடிக்கணக்கான பைட்டுகளை எழுதப் பார்க்கும். ஆகவே எண்ணிக்கையையும் ஒரு பதிவின் அளவையும் தனித்தனியாக வாங்கி, சைஸ்_மேக்ஸை (SIZE_MAX, அளவுக்கான உச்ச எண்) ஒரு பதிவின் அளவால் வகுத்து வருவதைவிட எண்ணிக்கை பெரிதா என்று பெருக்குவதற்கு முன்பே பாருங்கள்.

லினக்ஸிலேயே சோதிக்க வேண்டுமானால், உறையைக் கொண்டுவருமுன் சோதனை பில்டில் மட்டும் 0 கேட்டால் நல் தரும்படி மாலாக்கை மாற்றி ஓட்டுங்கள். தவறான இடங்கள் அன்றே வெளிவந்துவிடும்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை வாசகர்): கொலுசுப் பட்டறை இருப்புப் பட்டியலில் கடைசி உருப்படியை நீக்கியதும் ஒதுக்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீயாலாக்கால் (realloc) அளவை 0 ஆக்குகிறேன். ‘இருமுறை ஃப்ரீ’ என்று நிரல் விழுகிறது.

பதில்: ஜிலிப்சியில் ரீயாலாக்(பா, 0) பழைய துண்டை ஃப்ரீ செய்துவிட்டு நல் தரும். அதைத் தோல்வி என்று நினைத்து உங்கள் நிரல் அதே துண்டை மறுபடி ஃப்ரீ செய்கிறது. மாறாக, ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் நல் அல்லாத சிறு துண்டு வரும். 1989 தரநிலை இதை ஃப்ரீக்குச் சமம் என்றது. சி23 தரநிலை இதை வரையறுக்கப்படாத நடத்தை (என்ன நடக்கும் என்று எந்த உறுதியும் இல்லை) என்றே அறிவித்துவிட்டது. ஆகவே ரீயாலாக்குக்கு 0 போகவே கூடாது. பட்டியல் காலியானால் நீங்களே ஃப்ரீ செய்து, பாயிண்டரை நல் ஆக்கி, எண்ணிக்கையை 0 என்று வையுங்கள். அடுத்த கொலுசு வரும்போது நல்லோடு ரீயாலாக்கைக் கூப்பிட்டால் அது மாலாக் போலவே நடக்கும்.