டயோனைசஸ் விழாக்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பண்டைய கிரேக்கரின் மதுக் கடவுள் டயோனைசஸின் திருவிழா எந்த மாதம் நடந்தது?

எந்தத் திருவிழா, எந்த ஊரில்? அதைச் சொல்லாமல் கேட்டால் பதில் கிடையாது. ஏதென்ஸ் நாட்டில் மட்டுமே நான்கு. டிசம்பர் வாக்கில் கிராமங்களில் ஒன்று, ஜனவரியில் லெனாயா, பிப்ரவரியில் ஆந்தெஸ்டீரியா, மார்ச் கடைசியில் நகர டயோனைசியா.

நகர விழாவில் எத்தனை நாடகங்கள்?

சோக நாடகத்துக்கு மூன்று கவிஞர்கள். ஆளுக்கு மூன்று சோக நாடகம், ஒரு சேட்டர் நாடகம் (பாதி மனிதன், பாதி விலங்கான சேட்டர்கள் வரும் கேலி நாடகம்), ஆக நான்கு. நகைச்சுவை நாடகங்கள் தனிக் கணக்கு. இவை போக, ஏதென்ஸ் குடிமக்களின் பத்துக் குலங்களும் தலா ஒரு ஆண்கள் குழு, ஒரு சிறுவர் குழுவைப் பாட அனுப்பின. குழுவுக்கு 50 பேர் என்றால் 1,000 குரல்கள். நடிகர்களை மட்டும் எண்ணிவிட்டு இவர்களை விட்டுவிடாதீர்கள்.

ஆந்தெஸ்டீரியா என்பது மூன்று நாள் குடித்துக் கூத்தடிப்பதுதானே?

இல்லவே இல்லை. இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. முதல் நாள் சாடி திறப்பு: இலையுதிர் காலத்தில் பிழிந்த மதுவை முதலில் சாமிக்குப் படைத்துவிட்டு, தண்ணீர் கலந்து குடிப்பார்கள்.

இரண்டாம் நாள் குடிப்போட்டி உண்டு, சரி. எப்படிக் குடித்தார்கள் என்று பாருங்கள். ஆளுக்குத் தனி மேசை, சுமார் 3 லிட்டர் பிடிக்கும் தனிக் குடுவை. எக்காளம் ஒலித்ததும் பேசாமல் குடிக்க வேண்டும். தாயைக் கொன்ற தீட்டோடு புராண வீரன் ஆரெஸ்டஸ் ஏதென்ஸ் வந்தபோது, அவனை விரட்டவும் மனமில்லாமல், ஒரே பாத்திரத்தில் பகிரவும் முடியாமல் இப்படி ஏற்பாடு செய்தார்கள் என்பது கதை. அந்தச் சமயத்தில் ஆவிகள் ஊருக்குள் நடமாடும் என்று நம்பி, கதவில் கீல் பூசினார்கள், முள்செடி இலையை மென்றார்கள்.

குழந்தைகளுக்கும் அந்த நாளில் பங்குண்டு. மூன்று வயதில் தலையில் பூமாலை சூட்டுவார்கள். அவர்களுக்கென்று உள்ளங்கையில் அடங்கும் சின்னக் குடுவைகள் உண்டு. அதில் தீட்டிய ஓவியத்தில் தவழும் பிள்ளை, மார்பில் தாயத்துச் சரம், பக்கத்தில் நாய்க்குட்டி, இழுத்து விளையாடும் வண்டி. இறந்துபோன குழந்தைகளின் கல்லறைகளிலும் இவை கிடைக்கின்றன. அதைப் பார்த்த பிறகும் குடிகாரர் விழா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் பானை நாள். பல தானியங்களை ஒன்றாக வேகவைத்து, இறந்தோரை வழிநடத்தும் ஹெர்மிஸுக்குப் படைப்பார்கள். யாரும் அதை வாயில் வைப்பதில்லை. பிறகு ஆவிகளைப் பார்த்து, 'வெளியே போங்கள், ஆந்தெஸ்டீரியா முடிந்தது' என்று அனுப்பிவைப்பார்கள்.

பாக்கனேலியாவைத் தடை செய்தது ஏன்?

பாக்கனேலியா என்பது டயோனைசஸ் வழிபாட்டின் ரோமானிய வடிவம். தடை போட்டது ரோம், கி.மு. 186-இல். ஏதென்ஸ் அல்ல. அனுமதி இல்லாமல் ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்றது ஆட்சி மன்றம். அரசுக்குத் தெரியாமல் கூடிய கூட்டத்தைச் சதி என்று பார்த்ததுதான் காரணம். எப்போதும் சொல்வதுதான்: முதலில் ஊர், அடுத்து நூற்றாண்டு, அப்புறம் கேள்வி.

டயோனைசஸ் இந்தியாவுக்கு வந்தாரா?

அலெக்சாண்டரின் படை நைசா என்ற ஊருக்கு அருகே மலையில் ஐவிக் கொடியைக் கண்டு, இது நம் சாமியின் கொடி, அவர் இங்கே வந்திருக்கிறார் என்று மகிழ்ந்து மாலை கட்டிச் சூடிக்கொண்டதாகப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் அரியன் எழுதுகிறார். வீரர்களின் நம்பிக்கை அது. வரலாற்றுச் சான்று அல்ல.

'ட்ராஜடி' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

கிடாப் பாட்டு. ஏன் கிடா என்பதற்குப் பண்டைய கிரேக்கர்களே ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் சொன்னார்கள்.