வாசகர் கேள்விகள்: தொழிலாளர் உரிமை, நாட்டுக்கு நாடு

கேள்வி: ஸ்வீடனில் குறைந்தபட்ச ஊதியச் சட்டமே இல்லை என்கிறார்களே, அப்படியானால் முதலாளி கொடுப்பதுதானே கூலி?

பதில்: சட்டம் இல்லை என்பது உண்மை, ஆனால் கூலி முதலாளியின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. அங்கே ஒவ்வொரு தொழில்துறையிலும் தொழிற்சங்கங்களும் முதலாளிகளின் அமைப்புகளும் பேசி முடிக்கும் கூட்டு ஒப்பந்தங்களே அடிப்படை ஊதியத்தை நிர்ணயிக்கின்றன. அரசின் தலையீடின்றித் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு, 1938-இல் சால்ட்ஷோபாடனில் இரு தரப்பாரும் செய்துகொண்ட உடன்படிக்கை அடித்தளமிட்டது. இன்று பத்து ஊழியர்களில் ஏறத்தாழ ஒன்பது பேர் இத்தகைய ஒப்பந்தங்களின் கீழ் வருகின்றனர். குறைந்தபட்ச ஊதியம் குறித்து 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் நெறிமுறை கொண்டுவந்தபோது அதை எதிர்த்தவை ஸ்வீடனும் டென்மார்க்கும்தான். ஊதியத்தை முடிவுசெய்யும் அதிகாரம் சட்டமன்றத்துக்குப் போய்விட்டால் தங்கள் பேரம்பேசும் வலிமை கரைந்துவிடும் என்று அங்குள்ள தொழிற்சங்கங்களே அஞ்சுகின்றன. அந்த அச்சத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: ஒப்பந்தத்தில் கையெழுத்திட ஒரு நிறுவனம் மறுத்துவிட்டால்?

பதில்: அங்கேதான் அந்த அமைப்பின் பலம் தெரியும். டெஸ்லா நிறுவனம் கூட்டு ஒப்பந்தத்துக்கு இணங்காததால், ஸ்வீடனிலுள்ள அதன் பழுதுபார்ப்புக் கூடங்களின் மெக்கானிக்குகள் 2023 அக்டோபர் 27 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சில வாரங்களில் துறைமுகத் தொழிலாளர்கள் அந்நிறுவனத்தின் கார்களைக் கப்பலிலிருந்து இறக்க மறுத்தனர். தபால் ஊழியர்களோ அதன் முகவரிக்கு வந்தவற்றைப் பட்டுவாடா செய்யவில்லை. புதிய கார்களுக்கான நம்பர் பிளேட்டுகள் தபாலில்தான் அனுப்பப்படுகின்றன என்பதால் அவையும் அங்கேயே தங்கிவிட்டன. தங்களுக்கு நேரடித் தகராறு இல்லாத நிறுவனத்துக்கு எதிராகப் பிற துறையினர் நடத்தும் இத்தகைய ஆதரவு வேலைநிறுத்தம் ஸ்வீடனில் சட்டப்படி செல்லும்.

அமெரிக்காவிலோ 1947-ஆம் ஆண்டின் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம் தனியார் துறையில் இதைப் பெரும்பாலும் தடைசெய்துவிட்டது. அதற்கு முன்பே, 1938-இல், ஊதிய உயர்வு போன்ற பொருளாதாரக் கோரிக்கைகளுக்காக வேலைநிறுத்தம் செய்வோரின் இடத்தில் நிரந்தரமாக வேறு ஆட்களை அமர்த்தலாம் என்ற நிலைப்பாட்டை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எடுத்திருந்தது. வேலைநிறுத்த உரிமை ஏட்டில் இரு நாடுகளிலும் இருக்கிறது; அதைப் பயன்படுத்துகிறவர் ஏற்க வேண்டிய ஆபத்துதான் வேறு.

கேள்வி: ஜெர்மனியில் தொழிலாளர்கள் நிர்வாகக் குழுவிலேயே அமர்கிறார்களாமே?

பதில்: அன்றாட நிர்வாகக் குழுவில் அல்ல; அதை நியமித்துக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவில் அமர்கிறார்கள். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2,000 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களில் அக்குழுவின் சரிபாதி இடங்கள் ஊழியர் தரப்புக்கு உரியவை. வாக்குகள் சமமானால் இரண்டாவது வாக்கைப் பயன்படுத்தும் உரிமை தலைவருக்கு உண்டு. அவர் வழக்கமாகப் பங்குதாரர் தரப்பைச் சேர்ந்தவர் என்பதால், ‘சரிபாதி’ என்பதைச் சற்றுக் குறைத்தே எடை போட வேண்டும். இது தவிர, ஐந்து பேர் பணிபுரியும் இடத்தில்கூட ஊழியர்கள் விரும்பினால் பணியிடக் குழு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மிகைநேர வேலை முதல் பணிநீக்கம் வரை நிர்வாகம் அக்குழுவிடம் போயாக வேண்டும். பணிநீக்கத்துக்கு முன் அதன் கருத்தைக் கேட்காவிட்டால் அந்த ஆணையே செல்லாது. ஆனால் வேலைநிறுத்தத்துக்கு அழைக்கும் அதிகாரம் பணியிடக் குழுவுக்குக் கிடையாது. அது தொழிற்சங்கத்துக்கே உரியது.